வற்றிய ஏரியில் படகு விற்றவர்கள்

கோலார் தங்கவயலில் நாங்கள் படகு விற்றுப் பிழைத்தோம் என்று சொன்னால், கேட்பவர்கள் ஏதோ காதில் தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்பார்கள். கடல் எங்கோ இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் பாறையும் முள்ளும், சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்மேடுகளும்தான். ஆனால் பேத்தமங்களாவில் ஏரி இருந்தது. பாலாறு நிரப்புகிற பெரிய ஏரி. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஜெபம் முடிந்ததும் சுரங்கத்துத் துரைமார்கள் குதிரைவண்டி கட்டிக்கொண்டு அங்கே போவார்கள். அவர்களில் பலர் சீமையில் கடலோர ஊர்களில் பிறந்தவர்கள். அங்கே இருந்த சுரங்கங்கள் படுத்துப்போனதால் பிழைக்க வந்தவர்கள். காற்றடிக்கிற தண்ணீரைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

என் வீட்டுக்காரர் அப்போது தங்கவயலிலேயே ஊரிகம் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிற வேலையில் இருந்தார். பாறை சரியாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற வேலை அது. குடியாத்தம் பக்கத்து ஆள். நானும் அந்தப் பக்கம்தான். மிஷன் பள்ளியில் நாலு எழுத்து படித்துவிட்டு, கல்யாணமாகி, சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய, தட்டி வைத்த லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு எஞ்சினியர் துரை மதராசிலிருந்து பாய்மரப் படகு ஒன்றை ரயிலில் வரவழைத்தார். திறந்த வண்டியில் வெயிலில் காய்ந்து வந்த படகு, ஏரியில் இறக்கியதும் விளிம்பு வரை தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மரக்கிடங்கில் வந்து யாராவது இதைச் சரி செய்வீர்களா என்று அவர் கேட்டபோது, என் வீட்டுக்காரர், "நான் பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டார். அதுவரை அவர் படகைத் தொட்டதே இல்லை. லீவு போட்டுவிட்டு மதராசுக்குப் போய், ராயபுரத்தில் படகு கட்டுகிறவர்களிடம் பலகை சுமக்கிற கூலியாக நின்று, அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். வரும்போது தார் நாற்றத்தோடு வந்தார். அந்த நாற்றம் பிறகு எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

அந்தத் துரை காய்ச்சலில் விழுந்து ஊருக்குக் கப்பல் ஏறியபோது, படகை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அதற்கு இரண்டு பலகை மாற்றி, வர்ணம் அடித்து, புதிதாக வந்த இன்னொரு துரைக்கு விற்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. துரைமார்கள் வருவார்கள், ஒப்பந்தம் முடிந்தால் போவார்கள். போகிறவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வருகிறவர்களுக்குப் படகு வேண்டும். நடுவில் நாங்கள் இருந்தோம்.

சுரங்க வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் ஒரு ஓலைக்கொட்டகை போட்டுக்கொண்டு குடியேறினோம். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில், தாரில் தோய்த்த சணலை வைத்து அடித்து இறுக்குவது அவர் வேலை. மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். பாய் தைப்பது என் வேலை. கித்தான் துணியில் கோணி ஊசி சுலபத்தில் இறங்காது. உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு தள்ள வேண்டும். பழைய பாயைப் பிரித்தால் எந்தத் துரை எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார் என்பது நைந்த இடத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். படகின் முன்புறத்தில் பெயர் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் ஊரில் விட்டுவிட்டு வந்த பெண்களின் பெயர். வாங்குகிறவர் முதலில் அதைத்தான் அழிக்கச் சொல்வார்.

சில வருஷம் நன்றாகவே போயிற்று. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை இருந்தது, சாப்பிட்டோம், தூங்கினோம்.

பிறகு ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஏரி பாதிக்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் ஒரு சின்னத் துரை எங்களிடம் வந்தார். சுரங்கத்தில் ஒரு லெவலுக்கு, அதாவது ஒரே ஆழத்தில் குடைந்த ஒரு தளத்துக்கு, மேற்பார்வை பார்க்கப் புதிதாக வந்தவர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெயில் பட்டுப் பட்டு மூக்குத் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அப்போது கொட்டகையில் நாலு படகுகள் கிடந்தன. கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்த வருஷம் வாங்கி வைத்திருந்தோம். அவர் நாலையும் சுற்றிச் சுற்றி வந்து, சின்னதாக இருந்த ஒன்றின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தார். நம் பேச்சும் இந்துஸ்தானியும் இங்கிலீசும் கலந்து பேசினார். என் வீட்டுக்காரருக்கு அது புரிந்தது. எனக்குப் பாதி புரிந்தது.

"இதுதான் மேஸ்திரி. வேற யாருக்கும் குடுக்காதே."

"தண்ணி கொறஞ்சிகினு வருது சார். ஏரி ரொம்பட்டும், வந்து எடுத்துகினு போங்க."

"எப்போ ரொம்பும்?"

என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். துரையும் பார்த்தார். "ஐப்பசியில வரும் சார்" என்றார் இவர்.

ஐப்பசியில் வரவில்லை. கார்த்திகையில் இரண்டு தூறல் போட்டு நின்றுவிட்டது. பொங்கல் கழிந்தபோது ஏரியின் நடுவில் ஒரு குட்டை மட்டும் இருந்தது. சித்திரையில் அதுவும் இல்லை. ஏரி முழுக்கச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடந்தால் காலடியில் நத்தை ஓடுகள் நொறுங்கும்.

படகுக்கு வெயில்தான் எமன். பலகை காய்ந்தால் சுருங்கும், இடுக்கு விடும், பிறகு நடுவில் பிளக்கும். அதனால் ஓலை நிழலிலும் கோணிப்பையை நனைத்து நனைத்துப் படகு மேல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏரியில் தண்ணீர் இருந்தவரை அது ஒரு வேலையே இல்லை. இப்போது ஊர்ப் பெண்கள் ஏரிக்குள் பள்ளம் தோண்டி, ஊற்றில் கசிகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். நானும் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து மொண்டு வந்தேன். ஒரு குடம் எங்களுக்கு. மற்றக் குடங்கள் படகுக்கு.

எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ராகி போடுகிற தெலுங்குக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் காலையில் ஊற்றிலிருந்து என்னோடு கூடவே நடந்து வந்தாள். நான் குடத்தைக் கோணி மேல் கவிழ்ப்பதை நின்று பார்த்தாள்.

"அக்கா, இது தண்ணி குடிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லாட்டி வெடிச்சிடும்மா."

"எங்க மாடுகூட இவ்ளோ குடிக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். அந்த மாடு அடுத்த வாரம் செத்துப்போயிற்று.

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சணல் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாவிட்டாலும் எதையாவது பிரித்துக்கொண்டோ முறுக்கிக்கொண்டோ இருப்பார்.

"தண்ணி ஊத்தறத வுட்டுடலாங்க."

"வுட்டா இன்னா ஆவும்னு தெரியுமா மே உனுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் சொல்றியா?"

"ஊத்துல அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து என்னால மொள்ள முடியலங்க."

அவர் மறுபடி சணலைப் பிரிக்க ஆரம்பித்தார். மறுநாள் நான் ஒரு குடத்தோடு திரும்பி வந்தபோது, மற்றக் குடங்கள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கோணிகள் மத்தியானத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. அதன் பிறகு உச்சிவெயிலில் கொட்டகைக்குள் படக் படக்கென்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தலை நிமிரும். எந்தப் படகு, எந்தப் பலகை என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்க்க மாட்டார். பார்த்து என்ன செய்வது?

தண்ணீர் இல்லாவிட்டாலும் சின்னத் துரை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. மற்ற துரைமார்கள் சீட்டாடவும் டென்னிஸ் ஆடவும் போனார்கள். இவர் வாடகைக் குதிரைவண்டியில் அத்தனை தூரம் வந்து, தன் படகில் ஏறி உட்கார்ந்திருப்பார். இன்னும் அவர் வாங்கவில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் அதை அவர் படகு என்றுதான் சொன்னோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று நன்றாக அடித்தது. படகை ஏரிக்குள் இறக்கலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, உருளைக்கட்டை போட்டு, காய்ந்த சேற்றின் மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். இருபுறமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். துரை பாய்மரத்தை நட்டு, நான் தைத்த பாயை ஏற்றினார். காற்று அதைப் பிடித்தது. அந்தப் பொட்டல் வெளியில் வெள்ளையாக உப்பி நின்ற பாயைப் பார்க்க ஊற்றிலிருந்த பெண்கள்கூடக் குடத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். சிலர் சிரித்தார்கள். துரை சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. விழுந்துவிடாமல் என் வீட்டுக்காரர் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"வடக்கே போறோம் மேஸ்திரி" என்றார் துரை.

"ஆமா சார். வடக்கதான்" என்றார் இவர்.

இவர் முகத்தில் சிரிப்பு இல்லை. துரை முகத்திலும் இல்லை. நான் கரையில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பாயை இறக்கிச் சுருட்டும்போது துரை, தன் லெவலில் மரம் கட்ட ஆள் போதவில்லை, வருகிறாயா என்று இவரிடம் கேட்டார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் கேட்டார். எங்கள் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இவர் என்னைப் பார்த்தார். சுரங்கத்தை விட்டு வந்த நாளில் இனி மண்ணுக்குள் போக மாட்டேன் என்று சொன்னவர் இவர். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வேறு வழி ஏதும் இல்லை.

"மழ வர்ற வரைக்கும்தான் மே" என்றார் வீட்டுக்கு வந்ததும். நான் தலையாட்டினேன்.

வாரம் முழுக்க ஊரிகத்தில் லைன் வீட்டில் ஒரு சொந்தக்காரரோடு தங்கிக்கொண்டு ஷிப்டு போனார். ஞாயிற்றுக்கிழமை துரையின் வண்டியிலேயே வருவார். நான் படகுகளோடு கரையில் தனியாக இருந்தேன்.

தங்கவயலில் பாறை தானாகவே வெடிக்கும். மருந்து வைக்காமலே, யாரும் தொடாமலே, மேலே இருக்கிற பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். பூமி ஆடும், வீட்டில் பாத்திரம் உருளும். எது எப்போது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. பேத்தமங்களாவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றி வந்த வண்டிக்காரர் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"ஊரிகத்துல பூமி ஆடிச்சிம்மா. உள்ள ஆளுங்க மாட்டிகினாங்களாம்."

"எந்த ஷாப்டுல?"

அவர் சொன்ன சுரங்கக்குழிதான் என் வீட்டுக்காரர் இறங்குகிற ஷாப்டு.

அதே வண்டியில் ஏறினேன். ஷாப்டுக்கு முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். மேலே பெரிய சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆட்களை ஏற்றிவரும் கூண்டு, கேஜ், வருகிறது என்று அர்த்தம். எல்லோரும் எழுவோம். கதவு திறக்கும். சில பேருக்கு உள்ளே இருந்த முகம் தெரிந்த முகமாக இருக்கும். மற்றவர்கள் மறுபடி உட்காருவோம். அழுகிறவர்கள்கூட சக்கரம் சுற்றும்போது அழுகையை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது.

வெயில் சாய்ந்த பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். நடந்தே வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதி. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. நான் என்னென்னவோ கேட்டேன். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு கையால் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தார்.

"தொர ஆப்பு எட்துகினு வான்னாரு" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் ரொம்பச் சத்தமாகச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போனேன். திரும்பி வந்தா எடமே இல்ல."

சின்னத் துரையும் அவரோடு உள்ளே இருந்த நம் ஆட்கள் இரண்டு பேரும் மறுநாள்தான் மேலே வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணின் புருஷன் அதில் ஒருவர். துரைக்கு வெள்ளைக்காரர்கள் பக்கம் குழி, மற்ற இருவருக்கும் நம் பக்கம் குழி. என் வீட்டுக்காரர் மூன்று இடத்திலும் மண் போட்டார். பாதிரியார் ஜெபம் சொன்னதும் பெண்கள் அழுததும் எதுவும் அவர் காதில் விழவில்லை. மற்றவர்கள் குனியும்போது குனிந்தார், நிமிரும்போது நிமிர்ந்தார்.

அந்த ஆவணியிலேயே மழை வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத மழை. பாலாற்றில் வெள்ளம் வந்து ஏரிக்குள் பாய்ந்தது. ஊற்றுப் பள்ளங்கள் இருந்த இடம் தெரியவில்லை. காலையில் பார்த்தால் தண்ணீர் ஒரு இடத்தில் இருக்கும், சாயங்காலம் இன்னொரு இடத்தில் இருக்கும். தெலுங்குக்காரப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

காய்ந்த படகைத் திரும்ப உயிர்ப்பிக்க ஒரே வழி, கல்லை ஏற்றி அதைத் தண்ணீருக்குள் முழுக அடிப்பது. பலகை தண்ணீரை உறிஞ்சி ஊதி, இடுக்குகள் தானாக மூடும். நாலு படகையும் அப்படி முழுக அடித்தோம். எடுத்தபோது இரண்டு பிளந்தது பிளந்தபடியே இருந்தது. இரண்டு தேறின. அந்த இரண்டில் ஒன்று சின்னத் துரையுடையது.

தேறினாலும் இடுக்குகளுக்குப் புதிதாகச் சணல் அடிக்க வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றது. அந்த வேலையைக் கண்ணால் செய்வதில்லை, காதால் செய்வது. கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடிக்க அடிக்க முதலில் சத்தம் பொத்தென்று இருக்கும். சணல் இறுகியதும் கணீரென்று மாறும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பலகை விலகும், குறைந்தால் ஒழுகும். இவருக்கு இப்போது கணீரும் இல்லை, பொத்தும் இல்லை.

"நீ கேட்டு சொல்லு மே" என்றார். "மாறும்போது கைய தூக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அடித்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்து பாய் தைத்தவள்தான், ஆனால் அந்தச் சத்தத்தை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. மாறியது போல் இருந்தது. கையைத் தூக்கினேன். அடுத்த அடியில் அதுவரை மாறவே இல்லையோ என்று தோன்றியது. கையை இறக்கினேன். அவர் என் கையைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தண்ணீரில் இறக்கினோம். கொஞ்ச நேரத்துக்குள் உள்ளே கணுக்கால் அளவு ஏறிவிட்டது. பிரித்து மறுபடி அடித்தோம். மறுபடி ஏறியது. மூன்றாம் முறை ஒரு பலகையே விலகிக்கொண்டது. அவர் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் மே" என்றார். இந்தத் தடவை மெதுவாகவே சொன்னார்.

ஏரி நிறைந்ததைக் கேள்விப்பட்டு ஒன்றிரண்டு துரைமார்கள் வந்தார்கள். ஒழுகுகிற படகைப் பார்த்தார்கள், இவர் காதைப் பார்த்தார்கள், பாவம் என்பது போல ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். மதராசிலிருந்தே புதுப் படகு வரவழைத்துக்கொண்டால் ஆயிற்று அவர்களுக்கு. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

காது கேட்காதவரை சுரங்கத்துக்குள் இறக்க மாட்டார்கள். ஆபத்து மணி கேட்காதே. மேலே மரக்கிடங்கில் கட்டை அறுக்கிற வேலை கொடுத்தார்கள். ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்தவர் வந்து, தேறிய இரண்டு படகையும் இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒழுகினால் தகர டின்னால் இறைத்துக்கொள்வாராம். வலை வீசும்போது இடிக்கிறது, பாய்மரம் வேண்டாம் என்றார். வேறு யாரும் அறுக்க வேண்டாம் என்று இவரே ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பாய்மரத்தையும் அடியில் அறுத்துக் கொடுத்தார். பாய்களை நான் பிரித்து, தெலுங்குக்கார வீட்டுக்கு ராகி உலர்த்தக் கொடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கெட்டியா கீதே அக்கா" என்றாள்.

பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரிகத்துக்குக் கிளம்பிய அன்று ஏரி நிரம்பிக் கோடி வழிந்துகொண்டிருந்தது. கரையோரப் பாதையில் தண்ணீர் இரைச்சலோடு குறுக்கே பாய்ந்தது. வண்டி கடக்க முடியாது என்று மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். தண்ணீர் வடிகிறவரை நாங்கள் இந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் பெருசா கீதா மே?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிக் காட்டினேன்.